வொர்த்திங் கரையில் பொங்கிய சாக்கடை: பார்படோஸ் பொருளாதாரம் விழுந்ததும் எழுந்ததும்

2018 ஜனவரி. கரீபியன் தீவுகளுக்கு அது அறுவடைக் காலம். டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை, வடக்கே பனி கொட்டும் அந்த நான்கு மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஓட்டல்காரர் முதல் டாக்சி ஓட்டுநர் வரை மீதி ஆண்டை ஓட்ட வேண்டும். பார்படோஸின் தென்கரையில் அறைகள் நிரம்பி வழிய வேண்டிய அந்த மாதத்தில் வழிந்தது வேறொன்று. வொர்த்திங் பகுதியின் சாலைகளில் பாதாளச் சாக்கடை மூடிகளைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் மேலே வந்தது. சில உணவகங்கள் கதவை மூடின. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அரசுகள் தங்கள் குடிமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தன. மிகுந்த கழிவுநீரை எங்கே விடுவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த கிரேம் ஹால் சதுப்பு நிலத்துக்கும் கடலோரத்துக்கும் திருப்பிவிட்டார்கள். அந்தச் சதுப்பு நிலம் தீவில் மிஞ்சியிருக்கும் அலையாத்திக் காடுகளில் முக்கியமானது.

இது ஒரு நாள் விபத்து அல்ல. 2016 கடைசியிலேயே தொடங்கி, ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது. தென்கரையின் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 2003 இல்தான். பதினைந்து வயதுகூட ஆகவில்லை. பார்படோஸின் கடன் நெருக்கடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகக் கடன் விகிதத்தில் தொடங்குவார்கள். நான் இந்தச் சாக்கடையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கடற்கரையை விற்றுப் பிழைக்கும் நாட்டில் அரசின் கஜானாவும் சந்தைக்குப் போகும் சரக்கும் வேறு வேறு அல்ல. தொழிற்சாலை நாட்டில் அரசு ஓட்டாண்டியானாலும் தொழிற்சாலையின் சுவருக்குள் சரக்கு தயாராகிக்கொண்டே இருக்கும். சுற்றுலாத் தீவில் சாலை, குழாய், குப்பை வண்டி, கடற்கரை மணல், காவல் நிலையம் எல்லாமே விற்பனைக்கு வைத்த சரக்கின் பகுதிதான். அரசு பராமரிப்புச் செலவை நிறுத்திய அன்றே சரக்கு கெடத் தொடங்கிவிடும். பத்தாண்டுக் காலம் பார்படோஸில் நடந்தது அதுதான்.

தீவும் அதன் சரக்கும்

பார்படோஸ் 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம். மக்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல். கரீபியன் தீவு வரிசையிலிருந்து விலகி, கிழக்கே அட்லாண்டிக் கடலுக்குள் தனியாக நிற்கிறது. அண்டைத் தீவுகள் பலவும் எரிமலைப் பாறை. இது பவளச் சுண்ணாம்புக்கல். மேற்குக் கரையின் அமைதியான நீலமும் வெண்மணலும் அந்தப் பவளத்தின் கொடை. குடிநீரும் அதே சுண்ணாம்புக்கல்லின் அடியில் ஊறித் தேங்கும் நிலத்தடி நீர்தான். மேலே எதை ஊற்றுகிறோமோ அது கீழே இறங்கும். சாக்கடை பிரச்சினை அங்கே ஏன் இத்தனை கூர்மையானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1627 இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். 1640களில் கரும்பு வந்தது. அதன் பிறகு முந்நூறு ஆண்டுகள் தீவு என்றால் கரும்பு. அதில் ஏறத்தாழ முதல் இருநூறு ஆண்டுகள் கரும்பு என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் அடிமை உழைப்பு. 1838 இல் முழு விடுதலை கிடைத்த பின்னும் நிலம் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. ஆகவே உழைப்பாளிகள் கழற்றி எடுத்துக்கொண்டு போகும்படியான மரவீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். தோட்டத்திலிருந்து துரத்தினால் வீட்டையும் தூக்கிக்கொண்டு போகலாம். இன்று சுற்றுலா அட்டைகளில் வண்ணமயமாகச் சிரிக்கும் அந்த 'சாட்டல்' வீடுகளின் கதை இது. காலடியில் நிலம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த வீடு.

1966 நவம்பர் 30 அன்று சுதந்திரம். அதையொட்டிய ஆண்டுகளில் சர்க்கரை உற்பத்தி இரண்டு லட்சம் டன்னைத் தொட்டது, அது உச்சம். இன்று அதில் மிகச் சிறிய பகுதிகூட இல்லை. போர்ட்வேல் என்ற ஒரே ஆலைதான் ஓடுகிறது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்துவந்த உறுதி விலையை 36 சதவீதம் குறைத்தது பழைய உறவின் கடைசி முடிச்சையும் அவிழ்த்தது.

கரும்பு விட்டுப்போன இடத்தைச் சுற்றுலா எடுத்துக்கொண்டது. 1961 இல் மேற்குக் கரையில் சாண்டி லேன் ஓட்டல் திறந்தது. பிரிட்டனின் பணக்காரர்களும் பிரபலங்களும் வந்து இறங்கத் தொடங்கினார்கள். பின்னாளில் லண்டனிலிருந்து, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானமே வந்தது. அவற்றில் ஒன்று 2003 இல் ஓய்வுபெற்று, இன்றும் பிரிட்ஜ்டவுன் விமான நிலையத்துப் பக்கத்தில் நிற்கிறது. தென்கரை வேறு வகை. அங்கே நடுத்தர ஓட்டல்கள், வாடகைக் குடியிருப்புகள், செயின்ட் லாரன்ஸ் கேப்பின் இரவுக் கடைகள், ஆய்ஸ்டின்ஸில் வெள்ளிக்கிழமை இரவு மீன் வறுவல். மேற்குக் கரையில் ஒருவர் செலவழிப்பது அதிகம். தென்கரையின் பணமோ உள்ளூர்க்காரர் கையில் அதிகம் புரளும். சாக்கடை பொங்கியது இந்த இரண்டாவது கரையில்.

2019 இல் தங்கிப்போன பயணிகள் ஏழு லட்சத்துக்கு மேல். அதுவரை இல்லாத உச்சம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிரிட்டனிலிருந்து வந்தவர். சொகுசுக் கப்பல்களில் வந்து காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களும் லட்சக்கணக்கில் வருகிறார்கள், ஆனால் செலவில் சொற்பம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு வேளைச் சாப்பாடுகூட வாங்காமல் கப்பலுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. நேரடி வேலை, மறைமுக வேலை, கட்டுமானம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுற்றுலாவைச் சார்ந்திருக்கிறது. அடுத்தபடியாக அந்நியச் செலாவணி கொண்டுவருவது அயல்நாட்டு நிறுவனப் பதிவும் நிதிச் சேவையும். அதன் குறைந்த வரிச் சலுகைகளும் சர்வதேசக் கெடுபிடியால் சுருங்கிவிட்டன. 2024 முதல் நிறுவன வரி 9 சதவீதம்.

இரண்டுக்கு ஒன்று

பார்படோஸ் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும்: 2. 1975 ஜூலையிலிருந்து இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். ஐம்பது ஆண்டுகளாக அந்த விகிதம் அசையவில்லை. எண்ணெய்ச் சரிவுகள், கடன் நெருக்கடி, பெருந்தொற்று எல்லாம் வந்துபோயும் அசையவில்லை.

நாணயமாற்றுப் பாடம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: நெருக்கடியில் நாணய மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருகும் அல்லவா, ஏன் இந்தப் பிடிவாதம்? பார்படோஸில் அந்தப் பாடம் செல்லாது. கோதுமை, கோழி, எரிபொருள், கட்டுமானக் கம்பி, கார், மருந்து, ஓட்டல் படுக்கை விரிப்பு வரை வெளியிலிருந்து வருகிறது. மதிப்பைக் குறைத்தால் அடுத்த வாரமே கடையில் விலை ஏறும். ஓட்டல் அறையின் விலையோ ஏற்கெனவே அமெரிக்க டாலரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அறை மலிவாகாது. அறையைத் துடைக்கும் பெண்ணின் கூலிதான் மலிவாகும். இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விகிதத்தை அசைக்க முடியாதென்றால் மற்ற எல்லாமே அசைய வேண்டும்: சம்பளம், வேலை, வரி, அரசுச் செலவு. விகிதத்தைத் தாங்கி நிற்கும் ஒரே தூண், மத்திய வங்கியில் இருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு.

அந்த விலையை மக்கள் முதலில் கொடுத்தது 1991 இல். கையிருப்பு கரைந்து, சர்வதேச நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) கடன் கேட்டுப் போக வேண்டிவந்தது. நாணய மதிப்புக் குறைப்பு பேச்சுக்கு வந்தபோது பிரதமர் எர்ஸ்கின் சாண்டிஃபோர்ட் மறுத்தார். மாறாக அரசு ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டினார். தெருவெல்லாம் ஊர்வலம். வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. 1994 இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்று அவருடைய ஆட்சி முடிந்தது. ஆனால் அந்தக் கசப்பிலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு பிறந்தது. 1993 இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து விலை, கூலி உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 'சமூகக் கூட்டாண்மை' என்று அதற்குப் பெயர். கால் நூற்றாண்டு கழித்து, 2018 இல், அந்த மேசை மறுபடி தேவைப்பட்டது.

வீணான பத்தாண்டு

2008 இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது அடி பார்படோஸில் விழுந்தது பவுண்டு வழியாக. 2007 கடைசியில் ஒரு பவுண்டுக்கு இரண்டு அமெரிக்க டாலர் கிடைத்தது. 2009 தொடக்கத்தில் ஒன்றரைக்கும் கீழே. பார்படோஸ் டாலர் அமெரிக்க டாலரோடு கட்டிப்போடப்பட்டிருப்பதால், மான்செஸ்டர்க்காரருக்கு அதே அறை, அதே ரம், அதே கடல் மூன்றில் ஒரு பங்கு விலை கூடிப்போனது. ஓட்டல்காரர் ஒரு தவறும் செய்யவில்லை.

மேலும் ஒரு அநியாயம் சேர்ந்தது. பிரிட்டன் அரசு விமானப் பயணிகள் வரியைத் தூரத்துக்கு ஏற்ப நான்கு அடுக்காக்கியது. தூரத்தை அளந்தது நாட்டின் தலைநகர் வரை. அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன் என்பதால், லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஹவாய்க்கும் போகிறவர் குறைந்த வரி கட்டினார். அவற்றைவிடப் பக்கத்திலிருக்கும் பார்படோஸுக்குப் போகிறவர் கூடுதல் வரி கட்டினார். கரீபியன் நாடுகள் பல ஆண்டு முறையிட்ட பிறகு 2015 ஏப்ரலில்தான் அந்த மேலடுக்குகள் ஒழிந்தன. அடுத்த ஆண்டே பிரெக்சிட் வாக்கெடுப்பு. பவுண்டு மறுபடி சரிந்தது.

வெளியிலிருந்து வந்த அடிகள் இவை. உள்ளே செய்துகொண்ட தவறுகளையும் மறைக்கக் கூடாது. மேற்குக் கரையில் ஃபோர் சீசன்ஸ் பெயரில் எழுந்துகொண்டிருந்த பெரிய விடுதி 2009 இல் பணமில்லாமல் பாதியில் நின்றது. அதை எழுப்பிவிடலாம் என்று அரசு தனியார் கடனுக்கு ஜாமீன் நின்றது. கட்டுமானம் எழவில்லை, கடன் அரசின் தலையில் விழுந்தது. 2013 இல் சாண்டல்ஸ் என்ற ஓட்டல் குழுமத்துக்குப் பல பத்தாண்டுகளுக்கு நீளும் வரிச் சலுகை தந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மூவாயிரம் அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். 2014 இல், சுதந்திர காலத்திலிருந்து தீவின் பெருமையாக இருந்த இலவசப் பல்கலைக்கழகக் கல்விக்கும் முடிவு வந்தது. கேவ் ஹில் வளாகத்தில் மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று.

இத்தனை வெட்டியும் பற்றாக்குறை அடங்கவில்லை. வெளியே கடன் கிடைப்பது அரிதாகிவிட்டபோது அரசு திரும்பிய இடம் மத்திய வங்கி. வங்கி உள்ளூர்ப் பணத்தை உருவாக்கி அரசுக்குக் கொடுத்தது. பெரிய நாட்டில் இது விலைவாசியில் தெரியும். விகிதம் கட்டிப்போட்ட குட்டித் தீவில் வேறு இடத்தில் தெரியும். அச்சடித்த பணம் சம்பளமாகப் போகிறது. சம்பளம் கடைக்குப் போகிறது. கடைச் சரக்கில் பெரும்பகுதி இறக்குமதி. இறக்குமதிக்கு அமெரிக்க டாலர் வேண்டும். அது கையிருப்பிலிருந்து வெளியேறுகிறது. இப்படி, தன் அரசின் சம்பளப் பட்டியலைக் காப்பாற்றப்போய்த் தன் நாணயத்தின் ஒரே தூணையே அரித்தார்கள். அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் டிலைல் வொரல் 2017 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்.

2017 ஜூலையில் இறக்குமதி மீதும் உள்ளூர் உற்பத்தி மீதும் விதிக்கப்பட்ட சமூகப் பொறுப்பு வரியை 2 சதவீதத்திலிருந்து ஒரே அடியாக 10 சதவீதமாக்கினார்கள். அந்நியச் செலாவணி வாங்கினால் அதன் மேல் 2 சதவீதக் கட்டணம். மளிகைக் கடையில் விலை எகிறியது. தொழிற்சங்கங்களும் வணிகர்களும் சேர்ந்தே தெருவில் இறங்கி நடந்தார்கள். 1991 ஐ நினைவூட்டிய ஊர்வலம் அது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் வொர்த்திங் சாக்கடையைப் பார்க்க வேண்டும். பம்புக்கும் வால்வுக்கும் உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டாலரில் வாங்க வேண்டும். குப்பை லாரிகள் பழுதாகி நின்றன, பேருந்துகளும் அப்படியே. கடன் பத்திர வட்டியை ஒரு நாள் தவறவிட்டால் உலகச் செய்தி. குழாய்ப் பராமரிப்பைத் தவறவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பணமுடையில் இருக்கும் அரசு எதைத் தவறவிடும் என்று சொல்லத் தேவையில்லை. 2011 முதல் கரையொதுங்கத் தொடங்கிய சர்காசம் கடற்பாசி வேறு, கிழக்கு, தெற்குக் கரைகளில் மலையாகக் குவிந்து அழுகியது. 2018 மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. அதை அள்ளவும் ஆள், வண்டி, பணம்.

2018, மே 24

அன்றைய தேர்தலில் மியா மாட்லி தலைமையிலான பார்படோஸ் தொழிலாளர் கட்சி முப்பது தொகுதிகளிலும் வென்றது. ஆளுங்கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. பிரதமர் ஃப்ரூண்டல் ஸ்டுவர்ட்டே தோற்றார். நாட்டின் முதல் பெண் பிரதமர் பதவியேற்றபோது கையிருப்பு ஏறத்தாழ 22 கோடி அமெரிக்க டாலர். ஐந்தாறு வார இறக்குமதிக்குத்தான் வரும். செலுத்தாமல் விட்ட பாக்கிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 170 சதவீதத்தைத் தாண்டியது.

பதவியேற்று ஒரு வாரத்தில், ஜூன் 1 அன்று, வெளிநாட்டு வணிகக் கடன்காரர்களுக்குப் பணம் தருவதை நிறுத்துவதாகவும், சர்வதேச நிதியத்திடம் பேசப் போவதாகவும் அறிவித்தார். இந்த வேகம் முக்கியம். திவாலாகும் நாடுகள் பெரும்பாலும் கடைசி டாலர் வரை வட்டி கட்டிவிட்டு, பெட்ரோல் வரிசை நீண்ட பிறகு கையை விரிக்கும். பார்படோஸ் மிச்சமிருந்த ஐந்து வாரத்தைக் கடன்காரருக்குக் கொடுக்காமல் விகிதத்தைக் காப்பாற்ற வைத்துக்கொண்டது. என் பார்வையில் இந்த நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இது. அன்று தயங்கியிருந்தால் இரண்டுக்கு ஒன்று உடைந்திருக்கும்.

அடுத்து செய்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சமூகப் பொறுப்பு வரி ஒழிந்தது. பல்கலைக்கழகக் கட்டணம் போனது. சுமையின் ஒரு பகுதி வருகிறவர்களின் தோளுக்கு மாறியது: ஓட்டல் அறைக்கு இரவுக்கு இவ்வளவு என்று வரி, கரீபியக் கூட்டமைப்புக்கு வெளியே பறக்கிறவருக்கு விமானச் சீட்டில் 70 அமெரிக்க டாலர் கூடுதல். இன்னொரு பகுதி வீடுகளுக்கு வந்தது. தண்ணீர் ரசீதோடு சேர்த்து, குப்பை, சாக்கடைக்கென்று வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பார்படோஸ் டாலர். மக்கள் முணுமுணுத்தார்கள். மாதம் 45 டாலர் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒரே அளவு என்பது நியாயமும் அல்ல. ஆனால் குழாயைப் பராமரிக்க ஒரு தனி வருமானம் வேண்டும் என்பதைப் பத்தாண்டுக்குப் பிறகு ஒரு அரசு ஒப்புக்கொண்டது. அரசுத் துறைகளில் ஆட்குறைப்பும் நடந்தது. இந்த முறை சங்கங்களோடு மேசையில் பேசி நடந்தது.

சர்வதேச நிதியம் அக்டோபரில் ஏறத்தாழ 29 கோடி டாலர் ஒதுக்கியது. கடனில் பெரும்பகுதி உள்நாட்டில் இருந்ததால், உள்நாட்டுக் கடன்காரர்களோடு பேசி முடிக்கும் வேலை சில மாதங்களில் முடிந்தது. வங்கிகள் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் ஏற்றன. தேசியக் காப்பீட்டு நிதியும் அடி வாங்கியது. அது ஓய்வூதியம், வேலையிழப்பு உதவி எல்லாவற்றுக்கும் பொறுப்பான நிதி. அதனிடம் அரசு வாங்கிய கடனை வெட்டுவது என்றால் நாளைய முதியவர்களிடமிருந்து இன்று எடுப்பது. அந்தக் காயம் ஆறவில்லை. பின்னர் ஓய்வூதிய வயதை உயர்த்தும் சீர்திருத்தத்தில் அது மறுபடி வலித்தது.

வெளிநாட்டுக் கடன்காரர்கள் இணங்க 2019 டிசம்பர் ஆயிற்று. ஏறத்தாழ கால் பங்கு தள்ளுபடி, புதிய பத்திரம், 6.5 சதவீத வட்டி, 2029 இல் முதிர்வு. அந்தப் பத்திரத்தில் ஒரு பத்தி இருக்கிறது. பெரும் புயலோ நிலநடுக்கமோ தாக்கினால், வரையறுத்த அளவைத் தாண்டினால், இரண்டு ஆண்டுகள் வரை அசலும் வட்டியும் தள்ளிவைக்கலாம். புயல் தாக்கிய மறுநாள் நாட்டுக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது ரொக்கம்; வட்டிக்குப் போகவிருந்த பணம் உள்ளேயே நின்றால் அதைவிட வேகமான நிவாரணம் இல்லை. சந்தையில் இதை யாரும் விரும்பவில்லை. பார்படோஸ் விடாமல் பேசி வாங்கியது.

அந்த நிதியாண்டில், வட்டிச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அரசின் வரவு செலவைவிட மிஞ்சியது; மிஞ்சிய தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம். வொர்த்திங் சாலைகளும் காய்ந்திருந்தன. அப்போது பெருந்தொற்று வந்தது.

வானம் காலியான மாதங்கள்

2020 மார்ச் 17 அன்று முதல் தொற்று உறுதியானது. ஏப்ரலில் வந்து இறங்கிய பயணிகள் அனேகமாக இல்லை. சரக்கு விலை குறைந்தால் குறைந்த விலைக்கு விற்கலாம். கோதுமை மிஞ்சினால் கிடங்கில் வைக்கலாம். விற்காத ஓட்டல் இரவு அப்படியே அழிந்துபோகிறது. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான உழைப்பாளர் படையில் சில மாதங்களுக்குள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வேலையிழப்பு மனுக்கள் குவிந்தன. முதல் கணக்குகளின்படி அந்த ஆண்டு பொருளாதாரம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது; பின்னர் வந்த திருத்தங்கள் அதைச் சற்றுக் குறைத்தன.

இங்கே 2018 இன் வேகத்துக்குப் பலன் கிடைத்தது. கடன் மறுசீரமைப்பு முடிந்து, நிதியத்தோடு ஏற்பாடு நடப்பில் இருந்ததால், உபரி இலக்கைத் தளர்த்தி, கூடுதல் கடனை உடனே எடுக்க முடிந்தது. கையிருப்பு குறையவில்லை, கூடியது. பழைய ஐந்து வாரக் கையிருப்போடு இந்தப் பெருந்தொற்றைச் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு புதிய யோசனை வந்தது. வருகிறவர்கள் ஒரு வாரத்துக்கு வர முடியவில்லை என்றால், ஓராண்டுக்கு வரட்டும். 'வெல்கம் ஸ்டாம்ப்' என்ற அந்த அனுமதியில், ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் சம்பாதிக்கும் அயல்நாட்டவர், தனியாளுக்கு 2,000 டாலரும் குடும்பத்துக்கு 3,000 டாலரும் கட்டணம் செலுத்தி, தீவில் இருந்தபடி தங்கள் நாட்டு வேலையைப் பார்க்கலாம். பின்னர் பல நாடுகள் இதைப் பின்பற்றின. விளம்பரத்தில் கிடைத்த புகழ் பெரிது, பொருளாதார அளவில் சிறியதுதான். ஒரு சில ஆயிரம் பேரால் ஏழு லட்சம் பேரின் இடத்தை நிரப்ப முடியாது. ஆனால் காலியாகக் கிடந்த வாடகைக் குடியிருப்புகளுக்கு அந்த ஆண்டு அதுவே சோறு போட்டது.

2021 இல் அடி மேல் அடி. ஏப்ரலில் பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்டின் சூஃப்ரியர் எரிமலை வெடித்து, காற்றில் வந்த சாம்பல் பார்படோஸைப் பகலிலேயே இருட்டாக்கியது. ஜூலையில் எல்சா புயல். 1955 ஜேனட்டுக்குப் பிறகு தீவைத் தாக்கிய முதல் சூறாவளி. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று பார்படோஸ் குடியரசானது. அந்த ஏப்ரலில் நடந்த இன்னொன்றை நான் இவற்றுக்குச் சமமாக வைக்கிறேன்: நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 8.50 பார்படோஸ் டாலர். அதுவரை கடை உதவியாளர் போன்ற சிலருக்குத்தான் சட்டப்படி அடிமட்டக் கூலி இருந்தது. 2025 இல் அது 10.50 ஆனது. சுற்றுலாத் தீவின் செயல்திறனை வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்தால், அறை சுத்தம் செய்கிறவரின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பெரிலும் குழாயும்

2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவலில் இந்தியா, தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று டி20 உலகக் கோப்பையை எடுத்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த நாள் மாலை விமான நிலையம் மூடப்பட்டு, அணி பார்படோஸிலேயே மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். மாட்டவைத்தது பெரில் சூறாவளி. ஜூலை 1 காலை அது தீவுக்குத் தெற்கே கடந்துபோனது. ஓட்டல்கள் தப்பின. ஆனால் பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறையில் நின்ற படகுகளில் ஏறத்தாழ இருநூறு சேதமாயின; பல மூழ்கின. பறக்கும் மீனும், சோளமாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிண்டும் கூகூவும்தான் நாட்டின் தேசிய உணவு. அந்த மீனைக் கொண்டுவருகிற கைகளுக்கு அது உயிர்போகும் இழப்பு. நம் தொலைக்காட்சிகள் கோப்பையோடு வந்த விமானத்தைக் காட்டிய அளவுக்கு அந்தப் படகுகளைக் காட்டவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பார்படோஸின் பத்திரத்தில் இருந்த புயல் பத்திக்கு அன்று வேலை வரவில்லை. சேதம் அந்த அளவைத் தொடவில்லை. ஆனால் பெரிலின் கண் நேராகத் தாக்கிய கிரெனடா, தன் பத்திரத்திலிருந்த அதே மாதிரிப் பத்தியைப் பயன்படுத்தி வட்டியைத் தள்ளிவைத்தது.

இன்றைய நிலவரம் இப்படி. கையிருப்பு 22 கோடி டாலரிலிருந்து 150 கோடி டாலரை ஒட்டி ஏறியிருக்கிறது. கடன் விகிதம் 100 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. 2035-36 க்குள் 60 ஆக்குவது இலக்கு. தங்கும் பயணிகள் 2019 அளவை ஒட்டி வந்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் வரும் நாடுகள் அதே பிரிட்டன், அமெரிக்கா, கனடா. பவுண்டு மறுபடி சரிந்தால் 2009 இன் கணக்கு அப்படியே திரும்பும். மக்கள் தொகை மூப்படைகிறது. உணவில் பெரும்பகுதி இன்னும் கப்பலில்தான் வருகிறது. மீட்சி உண்மையானது, சார்பு மாறவில்லை.

கடனைக் கையாளும் விதம் மாறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் 15 கோடி டாலர் பழைய கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றினார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கியும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் ஜாமீன் நின்றன. மிச்சமாகும் வட்டி பதினைந்து ஆண்டுகளுக்குக் கடல் பாதுகாப்புக்குப் போகிறது. 2024 டிசம்பரில் அதே முறையில் இன்னொன்று. இம்முறை ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் ஜாமீனில் சேர்ந்தது. அதில் மிச்சமாகும் பணம் முதலில் போகும் இடம் தென்கரையின் சுத்திகரிப்பு நிலையம். கழிவுநீரைக் கடலுக்குத் தள்ளாமல், பயிருக்குப் பாய்ச்சவும் நிலத்தடிக்கு ஊற்றவும் தகுந்த நீராக்கும்படி அதை மாற்றிக் கட்டப்போகிறார்கள். ஒரு காலத்தில் பாக்கி வட்டியைக் கட்டுவதற்காகக் குழாயைக் கைவிட்ட அரசு, இப்போது வட்டியைக் குறைத்துக் குழாய்க்குப் பணம் தேடுகிறது. குழாயும் அதே இடத்தில்தான், கிரேம் ஹால் சதுப்பு நிலத்தை ஒட்டி, வொர்த்திங் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்.